காலி பைட்டுகளின் கணக்கு

1973-ஆம் ஆண்டு கோடைக்காலம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில் பெல் ஆய்வகத்தில், யூனிக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை அசெம்பிளி மொழியிலிருந்து சி மொழிக்கு மாற்றி எழுதும் வேலை நடந்துகொண்டிருந்தது. முந்தைய ஆண்டே கென் தாம்ப்சன் இந்த வேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருந்தார். அப்போதைய சி மொழியில் ஸ்ட்ரக்ச்சர் கிடையாது. ஒரு கோப்பைப் பற்றிய விவரங்கள் பலவற்றை ஒரே பெயரின் கீழ் திரட்டி வைக்க வழியில்லாத மொழியில் கெர்னல் எழுதுவது பெரும்பாடு. டென்னிஸ் ரிச்சி மொழிக்குள் ஸ்ட்ரக்ச்சரைக் கொண்டுவந்தார். அடுத்த முயற்சி பலித்தது.

ஸ்ட்ரக்ச்சரைச் சேர்க்கும் அந்த வேலையின்போது ரிச்சியை ஆழமாக யோசிக்கவைத்தது ஒரு சின்னப் பதிவு. யூனிக்ஸில் ஒரு டைரக்டரி என்பதும் வட்டில் கிடக்கும் ஒரு கோப்புதான். அந்தக் கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் 16 பைட். முதல் 2 பைட்டில் கோப்பை அடையாளம் காட்டும் ஐநோட் எண், அடுத்த 14 பைட்டில் கோப்பின் பெயர். பழைய யூனிக்ஸில் கோப்புப் பெயர் 14 எழுத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இங்கிருந்து வந்ததுதான். வட்டின் ஒரு பிளாக் 512 பைட். அதில் 32 பதிவுகள் மீதியில்லாமல் அடங்கும்.

ரிச்சி எதிர்பார்த்தது இது: வட்டிலிருந்து 512 பைட்டை அப்படியே நினைவகத்தில் இறக்க வேண்டும். அதன் தொடக்க முகவரியைக் காட்டி, ‘இது டைரக்டரிப் பதிவுகளின் வரிசை’ என்று கம்பைலரிடம் சொன்னால், ஐநோட் எண்ணும் பெயரும் தத்தம் இடத்தில் இருக்க வேண்டும். எதையும் பிரித்து எடுத்து வேறிடத்தில் அடுக்கத் தேவையிருக்கக் கூடாது.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. சி மொழிக்கு முன்னோடியான பி மொழியில் ஒரு அர்ரேயை அறிவித்தால் இரண்டு பொருள்கள் உருவாகும். ஒன்று, தகவல் உட்காரும் இடம். மற்றொன்று, அந்த இடத்தின் முகவரியைத் தாங்கிய தனி அறை. அதே முறையை ஸ்ட்ரக்ச்சருக்குள் கொண்டுபோனால், 14 எழுத்துப் பெயருக்கான முகவரி அறையை எங்கே வைப்பது? வட்டிலிருந்து வரும் 16 பைட்டில் அதற்கு இடமே இல்லை. ரிச்சி அந்த அறையையே ஒழித்துக்கட்டினார். அர்ரேயின் முகவரியை எங்கும் சேமித்துவைக்க வேண்டாம். நிரலில் அதன் பெயர் வரும்போதெல்லாம் கம்பைலரே முகவரியைக் கணக்கிட்டுக் கொடுக்கட்டும் என்று முடிவெடுத்தார். அர்ரேயின் பெயர் பாயின்டராக மாறும் விதி இன்றைக்கும் கல்லூரி முதலாண்டு மாணவர்களைத் திணறடிக்கிறது. அது பிறந்த கதையை 1993-இல் சி மொழியின் வரலாறு பற்றி எழுதிய கட்டுரையில் ரிச்சியே இந்த டைரக்டரிப் பதிவை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்லியிருக்கிறார்.

ஆக, சி மொழியின் ஸ்ட்ரக்ச்சருக்குப் பிறவியிலேயே இரண்டு முகங்கள். எழுதுபவருக்கு அது ஒரு பொருளைப் பற்றிய விவரத் தொகுப்பு. அதே நேரத்தில், எந்த பைட்டில் எது இருக்கிறது என்பதைத் துல்லியமாகக் காட்டும் நினைவக வரைபடமும் அதுவே. முதல் முகத்தை மட்டும் பார்த்து எழுதும்போது நினைவகம் வீணாகிறது, கோப்புகள் தப்பாகப் படிக்கப்படுகின்றன, சில நேரம் ரகசியங்கள்கூட வெளியே கசிகின்றன.

மடங்கில் நிற்கும் முகவரிகள்

நிரல் எழுதுபவரின் கண்ணுக்கு நினைவகம் ஒற்றை பைட்டுகளின் நீண்ட வரிசை. ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி. வன்பொருள் அப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருப்பதில்லை. 1985-இல் வெளிவந்த இன்டெல் 386 பிராசஸரின் தரவுப் பாதை 32 பிட் அகலம். ஒரு நடையில் 4 பைட் வரும்; அந்த நான்கும் 4-இன் மடங்கான முகவரியில் தொடங்கும். 4 பைட் எண் ஒன்று 1000 என்ற முகவரியில் இருந்தால் ஒரே நடையில் கைக்கு வந்துவிடும். 1002-இல் இருந்தால் பாதி எண் 1000 முதல் 1003 வரையிலான தொகுதியில் இருக்கும், மீதி 1004 முதல் 1007 வரையிலான தொகுதியில் இருக்கும். ஒரு பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கிய சொல்லைத் தாளைப் புரட்டி மறுபக்கத்தில் முடிப்பதைப் போல, இரண்டு நடை நடந்து துண்டுகளை ஒட்ட வேண்டும்.

இன்றைய பிராசஸர்களில் இந்த எல்லை கேஷ் லைன் என்ற வடிவத்தில் இருக்கிறது. இன்டெல், ஏஎம்டி பிராசஸர்கள் நினைவகத்தை 64 பைட் கொண்ட துண்டுகளாகவே கேஷுக்குள் இழுக்கின்றன. ஒரு எண் இரண்டு துண்டுகளின் எல்லையில் கால் பரப்பி உட்கார்ந்திருந்தால் கூடுதல் வேலை.

இன்டெல் இதைப் பொறுத்துக்கொள்ளும். பல இயந்திரங்கள் பொறுத்துக்கொள்ளவே இல்லை. யூனிக்ஸ் வளர்ந்த பிடிபி-11 கணினியில் 2 பைட் எண்ணை ஒற்றைப்படை முகவரியிலிருந்து எடுக்க முயன்றால் நிரல் அங்கேயே நிறுத்தப்படும். மோட்டோரோலா 68000-இலும் அப்படியே. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் பிராசஸர்களில் ‘பஸ் எரர்’ என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு நிரல் செத்துவிடும். பழைய ஆர்ம் பிராசஸர்கள் இன்னும் ஆபத்தானவை. பிழைச் செய்தி எதுவும் தராமல், பைட்டுகளைச் சுழற்றிப்போட்டுத் தவறான எண்ணைக் கையில் கொடுத்துவிடும்.

பிரச்சினை சி மொழியோடு பிறந்ததும் இல்லை. 1964-இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய சிஸ்டம்/360 கணினிகளும் 4 பைட் எண் 4-இன் மடங்கில்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தன. கோபால் மொழியில் இதற்கென்று ‘சிங்க்ரனைஸ்டு’ என்ற சொல் உண்டு. அதைப் போட்டால் இடையில் தேவையான வெற்று பைட்டுகளைக் கம்பைலர் செருகிக்கொள்ளும். சி மொழியில் அப்படிக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்காமலேயே கம்பைலர் செருகும். அந்த வெற்று பைட்டுகளுக்குப் பெயர் பேடிங்.

16 பைட் தகவல், 32 பைட் இடம்

ஒரு வகை எந்த எண்ணின் மடங்கான முகவரியில் நிற்க வேண்டுமோ, அந்த எண்ணே அதன் அலைன்மென்ட். விதிகள் மூன்றே மூன்று. ஒவ்வொரு உறுப்பும் தன் அலைன்மென்டின் மடங்கான இடத்தில் தொடங்க வேண்டும். ஒரு ஸ்ட்ரக்ச்சரின் அலைன்மென்ட் அதன் உறுப்புகளிலேயே பெரிய அலைன்மென்டுக்குச் சமம். ஸ்ட்ரக்ச்சரின் மொத்த அளவு அந்த அலைன்மென்டின் மடங்காக முடிய வேண்டும். 64 பிட் லினக்ஸ் கணினியில் கேர் 1 பைட், ஷார்ட் 2, இன்ட் 4, டபுள் 8, பாயின்டர் 8. இவை ஒவ்வொன்றுக்கும் அளவு எதுவோ அதுவே அலைன்மென்டும்.

வானிலை நிலையம் ஒன்றிலிருந்து வரும் அளவீட்டை எடுத்துக்கொள்வோம். கருவி வேலை செய்கிறதா என்று சொல்லும் ‘நிலை’ ஒரு கேர். ‘வெப்பம்’ ஒரு டபுள். ‘நிலைய எண்’ ஒரு ஷார்ட். ‘நேரம்’ ஒரு இன்ட். அளவீட்டின் ‘தரம்’ இன்னொரு கேர். மனதில் தோன்றிய இதே வரிசையில் ஸ்ட்ரக்ச்சரை எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். தகவலின் அளவு 1, 8, 2, 4, 1 என்று கூட்டினால் சரியாக 16 பைட்.

கம்பைலர் என்ன செய்கிறது? ‘நிலை’யை 0-ஆவது பைட்டில் வைக்கிறது. அடுத்து வரும் ‘வெப்பம்’ 8-இன் மடங்கில் தொடங்க வேண்டும். 1 முதல் 7 வரை ஏழு பைட்டுகள் காலியாக விடப்படுகின்றன. ‘வெப்பம்’ 8 முதல் 15 வரை. ‘நிலைய எண்’ 16, 17. ‘நேரம்’ 4-இன் மடங்கு கேட்பதால் 18-உம் 19-உம் காலி. அது 20 முதல் 23 வரை அமர்கிறது. ‘தரம்’ 24-ஆவது பைட்டில். மொத்தம் 25 பைட் ஆயிற்று. ஸ்ட்ரக்ச்சரின் அலைன்மென்ட் 8 என்பதால் அளவு 32-க்கு உயர்த்தப்படுகிறது. வாலில் இன்னும் 7 பைட் காலி.

ஒரு பொருளின் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் போட்டுப் பார்த்தால் 32 என்று வரும். வாங்கிய இடத்தில் சரிபாதி வெறும் பேடிங்.

கடைசி 7 பைட் எதற்கு என்ற கேள்வி எல்லோருக்கும் எழும். ஸ்ட்ரக்ச்சர் தனியாக இருக்கும்வரை அதற்குத் தேவை தெரியாது. அதையே அர்ரேயாக அடுக்கினால் தெரியும். முதல் பதிவு 25 பைட்டில் முடிந்து, இரண்டாவது பதிவு 25-ஆவது பைட்டிலேயே தொடங்கினால், அதன் ‘வெப்பம்’ 33-இல் போய் விழும். 33 என்பது 8-இன் மடங்கு இல்லை. இரண்டாவது பதிவு 32-இல் தொடங்கினால் ‘வெப்பம்’ 40-இல் வரும், சரியாக நிற்கும். அர்ரேயில் எத்தனையாவது பதிவாக இருந்தாலும் ஒரே சூத்திரம் பொருந்த வேண்டும் என்பதற்காகவே வாலில் இந்த இடம்.

இனி அதே ஐந்து உறுப்புகளைப் பெரியதிலிருந்து சிறியதாக எழுதுவோம். ‘வெப்பம்’ 0 முதல் 7 வரை. ‘நேரம்’ 8 முதல் 11 வரை. ‘நிலைய எண்’ 12, 13. ‘நிலை’ 14. ‘தரம்’ 15. அவ்வளவுதான், 16 பைட். ஒரு பைட்கூட வீணில்லை. நிரலின் வேறு எந்த வரியும் மாறவில்லை. அறிவிப்பின் வரிசை மட்டுமே மாறியிருக்கிறது. பத்து லட்சம் அளவீடுகள் இருந்தால் 3.2 கோடி பைட் இருந்த இடத்தில் 1.6 கோடி பைட் போதும். கேஷ் லைன் ஒன்றில் இரண்டு பதிவுகளுக்குப் பதில் நான்கு வரும் என்பதால், வரிசையாகப் படித்துக்கொண்டே போகும் வேலையில் வேகமும் கூடும்.

கம்பைலர் ஏன் மாற்றி அடுக்குவதில்லை?

இவ்வளவு எளிதான வேலையைக் கம்பைலரே செய்துவிடலாமே என்பது நியாயமான கேள்வி. ரஸ்ட் மொழியின் கம்பைலர் அதைத்தான் செய்கிறது. எழுதிய வரிசையைப் பொருட்படுத்தாமல் தனக்கு வசதியான வரிசையில் அடுக்கிக்கொள்ளும். சி மொழியின் கம்பைலருக்கு அந்த உரிமை கிடையாது. 1989-இல் வந்த அன்சி தரத்திலிருந்தே விதி தெளிவாக இருக்கிறது. உறுப்புகளின் முகவரிகள் அறிவித்த வரிசையிலேயே ஏறிச் செல்ல வேண்டும். நடுவிலோ கடைசியிலோ பேடிங் வரலாம். முதல் உறுப்புக்கு முன்னால் வரவே கூடாது. அதாவது ஸ்ட்ரக்ச்சரின் முகவரியும் அதன் முதல் உறுப்பின் முகவரியும் எப்போதும் ஒன்றே.

இந்த உறுதிமொழியை நம்பித்தான் இணையமே ஓடுகிறது. 1983-இல் பெர்க்லியில் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் வலையமைப்பு முகவரிகளுக்கு ஸ்ட்ரக்ச்சர்கள் வகுத்தபோது, எல்லா வகை முகவரிக்கும் முதல் உறுப்பு ஒன்றாகவே இருக்கும்படி வைத்தார்கள்: முகவரி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் 2 பைட் எண். ஐபி முகவரி என்றால் அதன் பிறகு போர்ட் எண் 2 பைட், முகவரி 4 பைட், இட்டு நிரப்ப 8 பைட் பூஜ்யம், ஆக 16. வேறு குடும்பமென்றால் உள்ளே வேறு விதமாக இருக்கும். கெர்னல் முதல் 2 பைட்டைப் படித்துப் பார்த்து, மீதியை எந்த வரைபடத்தின்படி படிப்பது என்று முடிவு செய்யும். கம்பைலர் தன் இஷ்டத்துக்கு உறுப்புகளை நகர்த்தினால் இந்த ஏற்பாடு ஒரு நொடி தாங்காது.

லினக்ஸ் கெர்னலின் இணைப்புப் பட்டியல்கள் இதே உறுதிமொழியை வேறு விதமாகப் பயன்படுத்துகின்றன. முன்னும் பின்னும் காட்டும் இரண்டு பாயின்டர்களை மட்டும் கொண்ட குட்டி ஸ்ட்ரக்ச்சர் ஒன்றை எந்தப் பெரிய ஸ்ட்ரக்ச்சருக்குள்ளும் பொதிந்துவைப்பார்கள். பட்டியலில் நடந்து போகும்போது கையில் கிடைப்பது அந்தக் குட்டியின் முகவரி மட்டும். அது தன்னைச் சுமக்கும் பெரிய ஸ்ட்ரக்ச்சரின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளியிருக்கிறது என்பது கம்பைல் செய்யும்போதே தெரிந்துவிடும். அந்த ஆஃப்செட்டைக் கழித்தால் பெரியதன் முகவரி வந்துவிடும். ‘கன்டெய்னர்ஆஃப்’ என்ற பெயரில் கெர்னல் நெடுகப் புழங்கும் மேக்ரோ செய்வது இந்தக் கழித்தலைத்தான்.

ஒரே அறிவிப்பு, வெவ்வேறு அளவு

வரிசையைத்தான் சி தரம் கட்டிப்போட்டது. எந்த வகைக்கு எவ்வளவு அலைன்மென்ட் என்பதை அது சொல்லவில்லை. அதைத் தீர்மானிப்பது ஒவ்வொரு பிராசஸருக்கும் இயங்குதளத்துக்கும் தனித்தனியே எழுதப்பட்ட ஏபிஐ (ABI) ஒப்பந்தம். 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4 பைட். 32 பிட் இன்டெல் லினக்ஸில் 8 பைட் முழு எண் ஸ்ட்ரக்ச்சருக்குள் 4-இன் மடங்கில் இருந்தால் போதும். 64 பிட் லினக்ஸில் 8-இன் மடங்கு வேண்டும்.

ஈபோல் என்ற வசதியில் இந்த வேறுபாடு நேராக வந்து நிற்கிறது. ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒரே நேரத்தில் கண்காணிக்க வெப் சர்வர்கள் நம்பியிருக்கும் லினக்ஸ் வசதி அது. அதன் ஸ்ட்ரக்ச்சரில் உறுப்புகள் இரண்டு: 4 பைட் நிகழ்வுக் குறி, 8 பைட் தரவு. 32 பிட் இன்டெல்லில் 12 பைட். இயல்பாக விட்டிருந்தால் 64 பிட்டில் நடுவே 4 பைட் பேடிங் புகுந்து 16 ஆகியிருக்கும். பழைய 32 பிட் நிரல்கள் 64 பிட் கெர்னலிலும் ஓட வேண்டுமே! அதற்காக 64 பிட் இன்டெல்லில் அந்த ஸ்ட்ரக்ச்சரை ‘பேக்டு’ என்று அறிவித்து 12 பைட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். காரணத்தைக் கெர்னலின் தலைப்புக் கோப்பிலேயே குறிப்பாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். 64 பிட் ஆர்ம் கணினிகளில் அதே ஸ்ட்ரக்ச்சர் 16 பைட்தான்.

ஒரு படக்கோப்பின் முதல் 14 பைட்

‘பேக்டு’ என்றால் பேடிங் எதுவும் செருகாதே என்று கம்பைலருக்கு இடும் கட்டளை. எங்கே அது உயிர்நாடி ஆகிறது என்பதை பிஎம்பி படக்கோப்பில் பார்க்கலாம்.

பிஎம்பி கோப்பின் தலைப்பு 14 பைட். முதல் 2 பைட்டில் ‘பி’, ‘எம்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். அவற்றின் மதிப்பு 66, 77. அடுத்த 4 பைட்டில் கோப்பின் அளவு. பிறகு 2 பைட், 2 பைட் என இரண்டு பூஜ்யங்கள். கடைசி 4 பைட்டில், படத்தின் புள்ளிகள் கோப்பில் எங்கே தொடங்குகின்றன என்ற எண்.

இதை அப்படியே ஸ்ட்ரக்ச்சராக எழுதி, கோப்பின் தொடக்கத்தை அதற்குள் படிக்கிறார் ஒரு மாணவர். கோப்பின் அளவு 10,00,000 பைட் என்று வைத்துக்கொள்வோம். இன்டெல் வழக்கப்படி சிறிய இலக்கம் முதலில் வருவதால் அந்த எண் கோப்பில் 64, 66, 15, 0 என்ற நான்கு பைட்டுகளாக இருக்கும். கோப்பில் இவை நிற்கும் இடம் 2 முதல் 5 வரை. ஆனால் கம்பைலர் ‘அளவு’ என்ற 4 பைட் உறுப்பை 4-ஆவது பைட்டில் வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் 2 பைட் பேடிங். ஆகவே 64-உம் 66-உம் பேடிங்கில் விழுந்து காணாமல் போகின்றன. ‘அளவு’ என்ற உறுப்பில் வந்து உட்காருவது 15, 0 என்ற மிச்சமும் அதன் பின்னால் இருந்த இரண்டு பூஜ்யங்களும். அச்சிட்டுப் பார்த்தால் கோப்பின் அளவு 15 பைட் என்று வரும்.

நிரலில் ஒரு வரிகூடத் தப்பில்லை. கம்பைலரும் எச்சரிக்கவில்லை. தலைப்பின் சைஸ்ஆஃப் 14-க்குப் பதில் 16 என்று கேட்டுப் பார்த்தவருக்கு மட்டுமே காரணம் புலப்படும். விண்டோஸின் தலைப்புக் கோப்புகளில் இந்த ஸ்ட்ரக்ச்சரைச் சுற்றி மட்டும் அலைன்மென்டை 2-ஆகக் குறைக்கும் கட்டளை போட்டிருப்பதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் எல்லாவற்றையும் பேக் செய்துவிடலாமா? அதற்கும் விலை உண்டு. பேக் செய்த உறுப்பைப் பெயர் சொல்லி எடுத்தால் கம்பைலர் கவனமாக இருக்கும். அலைன்மென்டில் கறாரான பிராசஸரில் ஒவ்வொரு பைட்டாக எடுத்து ஒட்டும். நேரமாகும், ஆனால் சரியாக வரும். அந்த உறுப்பின் முகவரியை ஒரு பாயின்டரில் போட்டு வேறொரு ஃபங்ஷனுக்கு அனுப்பினால்தான் வினை. பெற்றுக்கொண்ட ஃபங்ஷனுக்கு அது பேக் செய்யப்பட்ட இடத்திலிருந்து வந்தது என்று தெரியாது. அலைன்மென்ட் சரியாக இருக்கும் என்று நம்பி வேகமான கட்டளையைப் பயன்படுத்தும். பொறுமைசாலியான இன்டெல்லிலும் 16-இன் மடங்கைக் கட்டாயமாகக் கேட்கும் எஸ்எஸ்இ கட்டளைகள் உண்டு. அங்கே நிரல் விழுந்துவிடும். 2019-இல் வந்த ஜிசிசி 9 முதல் இப்படி முகவரி எடுப்பதைக் கம்பைலர் தானாகவே எச்சரிக்கிறது.

ஈத்தர்நெட்டில் எழும் இதே போன்ற சிக்கலை லினக்ஸ் வேறு வழியில் தீர்க்கிறது. ஈத்தர்நெட் தலைப்பு பெறுநர் முகவரி 6 பைட், அனுப்புநர் முகவரி 6 பைட், வகை 2 பைட் என 14 பைட். அதன் பின்னால் ஐபி தலைப்பு. அனுப்புநரின் ஐபி முகவரி ஐபி தலைப்பில் 12 பைட் தள்ளி இருப்பதால், பாக்கெட்டை 4-இன் மடங்கான இடத்தில் இறக்கினால் அந்த முகவரி 26-ஆவது பைட்டில் விழும். 26, 4-இன் மடங்கு இல்லை. லினக்ஸின் பல டிரைவர்கள் பாக்கெட்டை வேண்டுமென்றே 2 பைட் தள்ளி இறக்குகின்றன. ஈத்தர்நெட் தலைப்பு மடங்கு தவறி நிற்கும். அதன் பின்னால் வரும் ஐபி முகவரிகள் எல்லாம் 4-இன் மடங்கில் சரியாக அமரும். உலகெங்கும் ஓடும் ரவுட்டர்களில் கோடிக்கணக்கான பாக்கெட்டுகளுக்கு முன்னால் இந்த இரண்டு காலி பைட்டுகள் இருக்கின்றன.

காலியாகத் தெரிவது காலியா?

பேடிங் பைட்டுகளில் என்ன மதிப்பு இருக்கும்? சி தரம் எதையும் உறுதி சொல்வதில்லை. நடைமுறையில், அந்த இடத்தில் முன்பு எது கிடந்ததோ அது அப்படியே கிடக்கும்.

இதன் முதல் விளைவு சின்னது. இரண்டு ஸ்ட்ரக்ச்சர்களின் எல்லா உறுப்புகளும் சமமாக இருந்தும், மெம்கம்ப் கொண்டு பைட் பைட்டாக ஒப்பிட்டால் வேறு வேறு என்று பதில் வரலாம். பேடிங்கில் கிடக்கும் குப்பை வேறுபடுவதே காரணம். உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டால்தான் சரியான விடை.

இரண்டாவது விளைவு கடுமையானது. கெர்னல் தன் ஸ்டாக்கில் ஒரு ஸ்ட்ரக்ச்சரை உருவாக்குகிறது. எல்லா உறுப்புகளுக்கும் மதிப்பு தருகிறது. முழு ஸ்ட்ரக்ச்சரையும் பயனரின் நிரலுக்கு நகலெடுத்துக் கொடுக்கிறது. நகல் எடுப்பது சைஸ்ஆஃப் சொல்லும் அளவுக்கு. அதாவது பேடிங்கும் சேர்ந்தே போகிறது. அந்த பைட்டுகளில் சற்றுமுன் கெர்னல் வேறு வேலைக்கு வைத்திருந்த முகவரியின் துண்டு இருக்கலாம், கடவுச்சாவியின் துண்டும் இருக்கலாம். கெர்னலின் முகவரிகள் தாக்குபவருக்குத் தெரியக் கூடாது என்று ஒவ்வொரு முறை இயக்கும்போதும் இடத்தை மாற்றிப்போடும் பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்க, அதே முகவரி பேடிங் வழியாகக் கசிந்துவிடும். இந்த வகைக் கசிவுகள் லினக்ஸ் கெர்னலில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டிருக்கின்றன. ஆகவே அனுபவமுள்ள கெர்னல் நிரலாளர்கள், வெளியே போகவிருக்கும் ஸ்ட்ரக்ச்சரை முதலில் மெம்செட் கொண்டு முழுக்கப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் உறுப்புகளை நிரப்புகிறார்கள். எல்லோரும் இதை மறக்காமல் செய்வார்கள் என்று நம்பியிருக்க முடியாததால், உள்ளூர் மாறிகளைத் தானாகவே பூஜ்யமாக்கும் வசதி கிளாங், ஜிசிசி ஆகிய கம்பைலர்களில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

வரிசை மாறாது என்ற உறுதிமொழியும் தாக்குபவருக்கு உதவுகிறது. ஒரு ஃபங்ஷனின் முகவரி ஸ்ட்ரக்ச்சரின் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்பது எல்லாக் கணினியிலும் ஒன்றே என்றால், குறிவைப்பது எளிது. 2017-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்க்கப்பட்ட ராண்ட்ஸ்ட்ரக்ட் என்ற வசதி, தேர்ந்தெடுத்த ஸ்ட்ரக்ச்சர்களின் உறுப்புகளைக் கம்பைல் செய்யும்போது குலுக்கிப் போடுகிறது. வட்டுக்கோ வலையமைப்புக்கோ போகாத, கெர்னலுக்குள் மட்டுமே வாழும் ஸ்ட்ரக்ச்சர்களில்தான் இதைச் செய்ய முடியும்.

பெருக்கினால் தெரியும் பெரிய கணக்கு

நினைவகத்தை 4096 பைட் பக்கங்களாகப் பிரித்து ஆள்கிறது லினக்ஸ். ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘பேஜ்’ என்ற ஸ்ட்ரக்ச்சர் ஒன்று உண்டு. 64 பிட் இன்டெல் கணினியில் அது பொதுவாக 64 பைட். 16 ஜிபி நினைவகமுள்ள கணினியில் 41,94,304 பக்கங்கள். அவற்றின் கணக்கு வழக்குக்கு மட்டும் 256 எம்பி போய்விடுகிறது. இதில் ஒரே ஒரு கேரைச் சேர்த்தால் ஸ்ட்ரக்ச்சர் குறைந்தது 72 பைட்டாக வீங்கும். 32 எம்பி கூடுதல் செலவு, தவிர ஒவ்வொரு ஸ்ட்ரக்ச்சரும் ஒரு கேஷ் லைனுக்குள் கச்சிதமாக அடங்கும் நன்மையும் போய்விடும். அதனால் அதற்குள் யூனியன்களை அடுக்கடுக்காக வைத்து, ஒரே பைட்டுகளைச் சூழலுக்கேற்ப வெவ்வேறு பொருளில் பயன்படுத்துகிறார்கள்.

ஸ்ட்ரக்ச்சர்களில் பேடிங் விட்டுவைக்கும் ஓட்டைகளைத் தேடித் தருவதற்கென்றே பிரேசில் நாட்டு நிரலாளர் அர்னால்டோ கார்வால்யோ டி மெலோ ‘பஹோல்’ என்ற கருவியை எழுதினார். அதை உள்ளிட்ட கருவித் தொகுப்பைப் பற்றி 2007-இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் கட்டுரையும் அளித்தார். கம்பைலர் பிழை திருத்தத்துக்காக எழுதிவைக்கும் ட்வார்ஃப் தகவலைப் படித்து, ஒவ்வொரு உறுப்பும் எந்த பைட்டில் தொடங்குகிறது, நடுவில் எத்தனை பைட் ஓட்டை, எந்த இடத்தில் கேஷ் லைன் முடிகிறது என்று வரிவரியாகக் காட்டும். மாற்றி அடுக்கினால் எவ்வளவு மிச்சமாகும் என்றும் சொல்லும்.

காலி பைட்டுகளை விரும்பிச் சேர்க்கும் இடமும் உண்டு. பிராசஸரின் இரண்டு கோர்கள் ஆளுக்கொரு எண்ணியை ஏற்றிக்கொண்டே இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு மாறிகள். ஆனால் பக்கத்துப் பக்கத்தில், ஒரே 64 பைட் துண்டுக்குள் இருக்கின்றன. ஒரு கோர் எழுதும்போதெல்லாம் மற்றக் கோரின் கேஷில் உள்ள நகல் செல்லாததாகிறது. எந்தத் தகவலையும் பகிர்ந்துகொள்ளாத இரண்டு கோர்களும் ஒரே துண்டுக்காக இழுபறி நடத்தி, வேகம் சரிகிறது. இதற்கு ஃபால்ஸ் ஷேரிங் என்று பெயர். 8 பைட் எண்ணி ஒன்றுக்குப் பின்னால் 56 பைட்டைக் காலியாக விட்டால் இழுபறி நின்றுவிடும். ஆப்பிளின் எம்1 போன்ற சில்லுகளில் துண்டு 128 பைட் என்பதால் அங்கே விட வேண்டிய இடம் 120.

இத்தனையையும் மனக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பேடிங் செருகும் ஒவ்வொரு இடத்தையும் சொல்லச் சொல்லி ஜிசிசியிடமும் கிளாங்கிடமும் கேட்க முடியும். 2011-இல் வந்த சி11 தரத்திலிருந்து, ஒரு கணக்கு சரியாக இருந்தால் மட்டுமே நிரலைக் கம்பைல் செய் என்று மொழியிலேயே எழுதிவிடலாம். ‘ஸ்டாட்டிக் அசெர்ட்’ என்ற அந்த அறிவிப்பால், பிஎம்பி தலைப்பின் சைஸ்ஆஃப் 14, ‘அளவு’ உறுப்பின் ஆஃப்செட் 2 என்று ஸ்ட்ரக்ச்சருக்குக் கீழேயே இரண்டு வரி எழுதிவைத்தால் போதும். நாளைக்கு வேறு கம்பைலர் வரலாம், வேறு பிராசஸர் வரலாம், புதிதாகச் சேர்ந்த ஒருவர் நடுவில் ஒரு கேரைச் சேர்த்துவிடலாம். அப்போது அந்த இரண்டு வரிகளில் கம்பைல் நின்றுவிடும். எந்த ஸ்ட்ரக்ச்சரின் எந்தக் கணக்கு பிசகியது என்பதும் திரையிலேயே இருக்கும்.